றாஹிலாவும் மூன்று தலைமுறை இரும்பனும்

"ராவோட ராவா ஓடினாளாம்! நீ கண்டியா ஹாஜறா? உன்ட கண்ணால கண்டியா?"

"நான் காணல்ல மாமி. ஊர் கதைக்கி."

"ஊர் கதைக்கும். நான் கண்டன். லுஹர் தொழுது முடிஞ்ச நேரம், பட்டப்பகல், முன்வாசலால நடந்து போனாள்."

"போனாள்தானே. அந்தக் கசெட்டுப் படம் பாத்துப் பாத்து மூளை பிரண்டுதான் போனாள். குவைத்தில இருந்து கொண்டு வந்த இரும்புச் சைத்தான் அது."

"அந்தச் சைத்தானை முன்னுக்குக் குந்தியிருந்து பாத்தது ஆரு? இரும்பன்ட கை கழண்டு கடலுக்குள்ள விழுந்த அண்டைக்கு மூக்கைச் சிந்தினது ஆரு?"

ஹாஜறா வெற்றிலைத் தட்டை என் பக்கம் தள்ளிவிட்டுப் பேச்சை மாற்றப் பார்த்தாள். "அப்ப டீவிப் பெட்டியையும் கொண்டு போயிட்டாளாமே?"

"அந்தப் பெட்டி பளீல்ட வீட்டு விறாந்தையிலதான் இரிக்கி. போன வெள்ளிக்கிழமையும் நீ போய்த் தமிழ்ப் படம் பாத்துப்போட்டுத்தான் வந்த."

அதற்குப் பிறகு அவள் வெற்றிலையை மட்டும் மென்றாள். ஆனால் ஒரு ஹாஜறாவின் வாயை அடைத்து என்ன பயன்? எங்கள் ஊர் சாய்ந்தமருதில் தெருவுக்கு ஒரு ஹாஜறா இருக்கிறாள். அதனால் முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது. நான் சொல்வதை அப்படியே எழுதுங்கள். அழகு பார்த்து எதையும் வெட்ட வேண்டாம்.

றாஹிலா எங்கள் வேலிக்கு அப்பால் இருந்த அச்சிமுகம்மதின் மூத்த மகள். அச்சிமுகம்மது மாட்டு வண்டிக்காரர். சவளக்கடைப் பக்கத்து வயல்களில் சூடடித்த நெல்லைக் கல்முனைக்கு ஏற்றி வருவார். மனைவி சல்மா உம்மா எனக்கு மச்சி முறை. இளைய மகள் நதீரா, றாஹிலாவின் இடுப்பிலேயே வளர்ந்தவள். ஆண் பிள்ளை இல்லை.

எழுபத்தெட்டில் சூறாவளி அடித்தபோது றாஹிலாவுக்குக் கலியாணம் பேசி முடித்திருந்தார்கள். விடிந்து பார்த்தால் அவர்களுடைய வீடு இருந்த இடத்தில் எங்கள் தென்னை மரம் கிடந்தது. எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண்ணுக்கென்று ஒரு வீட்டை எழுதிக் கொடுத்துவிட்டுத் தாயும் தகப்பனும் சமைக்கிற குசினிப் பக்கம் ஒதுங்கிக்கொள்வார்கள். வீடு இல்லாத பெண்ணுக்கு மாப்பிள்ளை எங்கே வந்து பாய் விரிப்பார்? பேசியவர்கள் மெல்ல நழுவிவிட்டார்கள்.

றாஹிலா அழவில்லை. "வீடுதானே வேணும்? நான் கட்டுறன்" என்றாள். குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாள். அப்போது இந்தத் தெருவில் எந்தப் பெண்ணும் கடல் கடந்ததில்லை. போகும்போது ஊர் பேசியதை நான் இங்கே சொல்லமாட்டேன்.

வீடு வளர்ந்த விதம் எனக்குத் தெரியும். வேலிக்கு மேலால் பார்த்துக்கொண்டிருந்தவள் நான். முதலில் அத்திவாரம். பிறகு சுவர். பிறகு கொஞ்ச நாள் ஒன்றுமில்லை, சுவர்மேல் பாசி படர்ந்தது. பிறகு ஓடு. அத்திவாரக் கல் வைத்த அன்றைக்கு அச்சிமுகம்மது என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்தி, "மச்சி, நீங்க சாட்சி. வளவுக் காணி சல்மாட பேரில இருந்தாலும் இது றாஹிலாட வீடு" என்றார். நான் கேட்காமலே சொன்ன வார்த்தை அது. முன்வாசலுக்கு முதிரை மரத்தில் இரட்டைக் கதவு போட வேண்டும் என்று மட்டும் றாஹிலா அங்கிருந்து சொல்லியனுப்பினாள். வேறு எதிலும் அவள் வாய் வைக்கவில்லை.

எண்பத்தைந்துக்குப் பிறகு அவள் திரும்பி வந்தபோது ஒரு டீவியும், கசெட் போட்டு ஓட்டும் ஒரு டெக்கும், ஒரு பெட்டி நிறையக் கசெட்டும் வந்தன. அங்கே அவள் வளர்த்த பிள்ளைகள் பார்த்து முடித்த கார்ட்டூன். ஜப்பான்காரன் கீறிய படம், அறபியில் பேசும். வீட்டுக்கார அம்மா தூக்கி எறியப் போனதை இவள் கேட்டு வாங்கி வந்திருக்கிறாள். அறபு அவளுக்கு நன்றாக விளங்கும். எங்களுக்கு ஓதத் தெரியும், விளங்காது.

பின்னேரம் அசர் தொழுகைக்குப் பிறகு பெண்களும் பிள்ளைகளும் கூடுவோம். றாஹிலா பெட்டியின் பக்கத்தில் நிலத்தில் அமர்ந்து, சத்தத்தைக் குறைத்துவிட்டு, அவர்கள் பேசப் பேசத் தமிழில் சொல்லிக்கொண்டு வருவாள். ஆண்கள் விறாந்தையில் வேறு ஏதோ வேலைபோல இருப்பார்கள். அச்சிமுகம்மது மட்டும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு வெளிப்படையாகவே பார்ப்பார்.

கதை இதுதான். வானத்திலிருந்து எதிரிகள் வந்து ஒரு கடற்கரை ஊரை நாசமாக்குகிறார்கள். ஒரு கிழவர் உடைந்த கப்பல்களின் இரும்பைப் பொறுக்கி, பள்ளி மினாராவை விட உயரமான ஓர் இரும்பு மனிதனைச் செய்து, அதன் தலைக்குள் ஏறி இருந்து ஊரைக் காக்கிறார். நாங்கள் அதற்கு இரும்பன் என்று பெயர் வைத்தோம். முதல் பாகம் கிழவருடையது. இரண்டாம் பாகம் அவருடைய மகனுடையது. மூன்றாம் பாகம் பேரப்பிள்ளைகளுடைய காலம்.

அந்தப் படத்தில் நல்லது எது, கெட்டது எது என்று எங்களுக்குள் நடந்த சண்டை பள்ளிவாசல் கூட்டத்திலும் நடந்திராது.

"இவன் ஏன் அடிக்க முந்தி அடியின்ட பேரைச் சத்தம் போட்டுச் சொல்றான்?" என்று கேட்டாள் ஹாஜறா. "எதிரி விலகிப்போட மாட்டானா?"

"அவன் மரியாதை தெரிஞ்சவன் மாமி" என்றாள் றாஹிலா. எல்லோரும் சிரித்தோம்.

ஒரே சண்டை திரும்பத் திரும்ப வரும். ஒரே மலை ஒவ்வொரு கசெட்டிலும் உடையும். "கீறினவனுக்குப் பஞ்சி, சோம்பல்ல பழைய படத்தையே ஒட்டிப்போட்டான்" என்பாள் றாஹிலா. அவள் தான் விரும்பிய படம் என்பதற்காகக் குற்றத்தை மறைக்கமாட்டாள். எனக்கிருந்த பெரிய மனக்குறை வேறு. மூன்று தலைமுறையில் ஒரு தாயைக்கூடக் காணோம். "இவனுகளுக்கெல்லாம் உம்மா எங்க புள்ள?" என்று கேட்டால், "கதை துவங்க முந்தியே மௌத்தாக்கிப்போட்டானுகள்" என்பாள். சோறு ஆக்கியது யார், அந்த எண்ணெய்ச் சட்டைகளைத் துவைத்தது யார் என்று படம் காட்டவே இல்லை.

ஆனால் நல்லதும் இருந்தது. அதை மறுத்தால் பாவம். முதல் பாகத்தில் இரும்பனின் நெஞ்சில் விழுந்த நெளிவு மூன்றாம் பாகத்திலும் அதே இடத்தில் இருந்தது. யாரும் அதை அடித்து நேராக்கவில்லை. கிழவருக்குத் தலை நரைத்தது, கை நடுங்கியது. எதிரிக்கும் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களும் தகப்பனைப் பறிகொடுத்து அழுதார்கள். பட்டது பட்டதுதான், அடுத்த நாள் மறைந்துபோகாது என்று அந்தப் படத்துக்குத் தெரிந்திருந்தது.

எல்லாவற்றையும் விட, நூறா என்றொரு பெண் இருந்தாள். கிழவரின் பேத்தி. இரண்டாம் பாகத்தில் சின்னப் பிள்ளையாக இரும்பனின் முழங்காலில் ஏறி எண்ணெய் பூசத் தொடங்கியவள். இரும்பனின் வலது கை கடலுக்குள் போனபோது, புதுக் கையைத் தன் கையால் செய்து பூட்டியவள் அவள்தான். தகப்பன் காயப்பட்டு விழுந்த அன்றைக்கு அவளே தலைக்குள் ஏறி இருந்து ஊரைக் காப்பாற்றினாள். அந்தக் கசெட் முடிந்ததும் நாங்கள் வீட்டுக்குப் போகவில்லை. சல்மா உம்மா எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினாள்.

அடுத்த நாள் மூன்றாம் பாகம். பெரிய விழா. ஊர்ச் சனமெல்லாம் கூடி நிற்கிறது. தகப்பன் இரும்பனின் திறப்பை, அதை இயக்கும் சாவியை, எடுத்து, நூறாவின் தம்பி ஹானியின் கையில் கொடுக்கிறார். இரண்டாம் பாகத்தில் தொட்டிலில் கிடந்தவன் அவன். நூறா கூட்டத்துக்குள் நின்று, கையில் பூமாலை வைத்துக்கொண்டு சிரிக்கிறாள்.

நாங்கள் கத்தினோம். "மாத்திச் சொல்லு புள்ள! அவ திறப்பைப் பறிச்செடுத்தா எண்டு சொல்லு! எங்களுக்கு அறபா விளங்கும்?"

"இல்லாததை நான் சொல்லமாட்டன்" என்றாள் றாஹிலா. அவளுடைய முகமும் கறுத்துத்தான் இருந்தது. "முதல் ரெண்டையும் செஞ்சவன் வேற ஆள். இதைச் செஞ்சவன் அதைப் பாக்கவே இல்ல. பாத்திருந்தா அவளைச் சிரிக்க வெப்பானா?"

ஜன்னலில் நின்ற அச்சிமுகம்மது தோள் சால்வையால் கண்ணைத் துடைத்தார். "அநியாயம். அந்தப் புள்ளைட கையால செஞ்ச கை அது. அல்லாஹ் பொறுக்கமாட்டான்" என்றார். என் காதால் கேட்டேன். அந்த மனிதருக்கு எவ்வளவு இளகிய மனம் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அந்த நாட்களில் றாஹிலாவுக்குப் பளீலைப் பேசி வந்தார்கள். பளீலுக்குக் கச்சேரியில், அரசாங்க அலுவலகத்தில், வேலை. அமைதியான ஆள். றாஹிலா வாயால் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் கல்முனைக் கடையில் ஜன்னல் துணி வாங்கி வந்து தானே தைக்கத் தொடங்கினாள். பெரிய அறைக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அச்சிமுகம்மதும் சல்மா உம்மாவும் பாயைச் சுருட்டிக் குசினிக்குக் கொண்டுபோனார்கள். அதைப் பார்த்து, இனிக் கலியாணம்தான் என்று நானும் சந்தோஷப்பட்டேன்.

ஒரு காலை தையற்காரி சித்தி லைலா கலியாணச் சட்டைக்கு அளவெடுக்க வந்தாள். நான் கறிவேப்பிலை கேட்டுப் போய் அங்கே நின்றேன். றாஹிலா தைத்துக்கொண்டிருந்த துணியை மடியில் போட்டுவிட்டு எழுந்து, கைகளை விரித்துக்கொண்டு நின்றாள். சித்தி லைலா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டபடியே சல்மா உம்மாவைப் பார்த்தாள். சல்மா உம்மா நிலத்தைப் பார்த்தாள்.

"எங்க நதீரா?" என்றாள் சித்தி லைலா. "நதீராவுக்குத்தானே?"

றாஹிலாவின் கைகள் அப்படியே சிறிது நேரம் விரிந்திருந்தன. பிறகு கீழே இறங்கின.

விஷயம் இதுதான். பளீலின் தாய், வெளிநாட்டில் வேலை செய்து வந்த பெண் வேண்டாம், இளையவளைத் தாருங்கள், அதே வீட்டோடு தாருங்கள் என்று கேட்டிருக்கிறாள். இவர்கள் ஓம் என்றிருக்கிறார்கள். எப்போது? மூன்றாம் பாகம் தொடங்குவதற்கு முன்பே. ஜன்னலில் நின்று நூறாவுக்காகக் கண்ணைத் துடைத்த மனிதர் வார்த்தை கொடுத்துவிட்டு வந்துதான் துடைத்தார்.

"அப்ப வீடு?" என்று கேட்டாள் றாஹிலா.

"வீடில்லாம மாப்பிள்ளை எங்க வந்து இரிக்கிற மகள்?" என்றாள் சல்மா உம்மா. அதட்டிக்கூடச் சொல்லவில்லை, பிள்ளைக்குச் சோறூட்டும் குரலில் சொன்னாள். "நதீராக்கு என்ன தெரியும்? நீ கெட்டிக்காரி. நீ இன்னொண்டு கட்டுவா."

நதீரா கதவுக்குப் பின்னால் நின்றாள். வெளியே வரவில்லை. வந்து "எனக்கு வேணாம்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்று நான் இன்றைக்கும் நினைக்கிறேன். அவளைக் குறை சொல்கிறேன் என்றால், ஓம், சொல்கிறேன்.

றாஹிலா துணியை எடுத்து விட்ட இடத்திலிருந்து தைத்து முடித்தாள். ஜன்னலில் கட்டினாள். அன்று அசருக்குப் பிறகு படம் போடவில்லை. மிச்சக் கசெட்டுகள் பெட்டியிலேயே கிடந்தன. ஹானி அந்த இரும்பனை வைத்து என்ன செய்தான் என்று எங்கள் தெருவில் யாருக்கும் இன்றுவரை தெரியாது. கேட்கவும் மனம் வரவில்லை.

வீட்டை எழுதும் நாள் வந்தது. வளவு சல்மா உம்மாவின் பேரில் இருந்ததால் றாஹிலாவின் கையெழுத்துத் தேவையில்லை. தேவைப்பட்டது வேறொன்று. ஊர் பேசும் என்று பயந்து அச்சிமுகம்மது பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்காயரையும் பளீலின் மாமன்மாரையும் லுஹருக்குப் பிறகு கூப்பிட்டு விறாந்தையில் இருத்தினார். நாங்கள் பெண்கள் உள்ளே, அவள் தைத்த திரைக்குப் பின்னால்.

"மூத்த புள்ள தன்ட முழு மனசோட தங்கச்சிக்குக் குடுக்கிறா" என்றார் அச்சிமுகம்மது. "அவட வாயாலயே கேளுங்க. றாஹிலா! இஞ்ச வா புள்ள. சந்தோஷமாத்தான் குடுக்கிறன் எண்டு ஒரு வார்த்தை சொல்லு."

றாஹிலா முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு திரையை விலக்கிப் போனாள். தகப்பனுக்கு முன்னால் நின்றாள்.

"நூறா மாதிரிச் சிரிக்கச் சொல்றீங்களா வாப்பா?"

மரைக்காயருக்கு விளங்கவில்லை. "ஆரு மகள் நூறா?" என்று கேட்டார். அச்சிமுகம்மதுக்கு விளங்கியது. அவருடைய கை சால்வைத் தலைப்பைத் தேடியது.

"ஊருக்கு முன்னால வாப்பாட மானத்தைக் காப்பாத்து புள்ள" என்றார் மெதுவாக. "வீட்டை எப்பிடியும் எழுதத்தான் போறம். நீ சொன்னா என்ன, சொல்லாட்டி என்ன?"

"அப்ப எழுதுங்க. நான் தடுக்கல்ல. இல்லாததைச் சொல்லமாட்டன்."

அவள் உள்ளே திரும்பி வந்து, ஏற்கெனவே கட்டி வைத்திருந்த துணிப் பையை எடுத்தாள். என்னிடம், "மாமி, கோமாரியில பெரியம்மா வீட்டுக்குப் போறன். ஆரும் கேட்டா ஒளிக்காமச் சொல்லுங்க" என்றாள். நான் அவள் கையைப் பிடித்து, "பின்வளவால போ மகள், எங்கட வேலிக் கடப்பால இறக்கி விடுறன்" என்றேன். முன்னுக்கு ஆண்கள் இருந்தால் பெண்கள் நாங்கள் எல்லோரும் அப்படித்தான் போவோம், வருவோம்.

"வேணாம் மாமி" என்றாள்.

அவ்வளவு ஆண்கள் இருந்த விறாந்தையின் நடுவால் நடந்தாள். மாமன்மார் கால்களை மடக்கிக்கொண்டு வழி விட்டார்கள். முதிரைக் கதவின் ஒரு பக்கம் மட்டும் திறந்திருந்தது. மற்றப் பக்கத்துக்குக் கீழ்த் தாழ்ப்பாள் இறுக்கம். அவள் பையைக் கீழே வைத்துக் குனிந்து, இரண்டு கையாலும் அந்தத் தாழ்ப்பாளைத் தூக்கி, இரண்டு கதவையும் சுவரோடு சுவராகத் தள்ளித் திறந்தாள். வெயில் உள்ளே வந்து விழுந்தது. பையை எடுத்துக்கொண்டு அக்கரைப்பற்று பஸ் வரும் றோட்டுப் பக்கம் நடந்தாள்.