கெட்டுப்போகாத ரத்தம்

தாம்பரத்தில் ரயிலைவிட்டு இறங்கும்போது ஆய்வகத்திலிருந்து அழைப்பு வந்தது. "சுமதிக்கா, கதிரேசன் சார் போயிட்டாரு. காலைல நெஞ்சு வலின்னாராம்." சிட்லபாக்கத்தில் அவர் வீடு வரும் வரை ஆட்டோவில் நான் சாய்ந்து உட்காரவே இல்லை. மூன்று நாளாகியும் ஓரிடத்தில் இருப்புக் கொள்ளவில்லை.

சாரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். பெருங்களிப்பும் பெருஞ்சோர்வும் மாறி மாறி ஆட்டிவைக்கும் இருதுருவ மனநோயை ரத்தத்தில் மரபணுக்கள் இயங்கும் விதத்தை வைத்து அடையாளம் காண முடியுமா என்று தேடியவர் அவர். மரபணுக்கள் பிறவியிலேயே முடிவானவைதானே என்று வேலைக்குச் சேர்ந்த புதிதில் கேட்டேன். "வீட்ல எத்தனை பைப் இருக்குன்றது இல்லம்மா. எது திறந்திருக்கு, எவ்ளோ தண்ணி வருதுன்றதுதான் நாம பாக்கறது," என்றார்.

அவருக்குப் பொறுமை அதிகம். எனக்கு அது துளியும் கிடையாது. படப்பையிலிருந்து ரத்தம் கொடுக்க வந்த ஒருவர், உற்சாகத்தின் உச்சத்தில் ஒன்றரை மணி நேரம் பேசினார். நான் கடிகாரத்தைக் காட்டிக் காட்டி அலுத்துப்போனேன். "எடுத்துட்டா ரத்தம் காத்திருக்காது. அதான் இன்னும் எடுக்கல. அவர் பேசி முடிக்கட்டும்," என்றார் சார்.

ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாதவர்களின் ரத்தமும் வேண்டும். ஆள் குறைந்தால் ஆய்வகத்தில் இருப்பவர்களே கை நீட்டுவது எங்கள் வழக்கம். சென்ற ஆண்டு சாரும் நீட்டினார். டியூபில் எண் மட்டும்தான் இருக்கும். யாருடையது என்ற பட்டியல் என்னிடம் இருந்தது. முடிவு வந்தபோது சாருடைய ரத்தம் நோயுள்ளவர்கள் பக்கம் போய் நின்றது. இரண்டு முறை திரும்பச் செய்து பார்த்தேன். மாறவில்லை. அவரிடம் எப்படிச் சொல்வது? பயந்துபோய் அதை ஆய்வுக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டேன்.

"என்னோடது எப்படி வந்துச்சும்மா?"

"டியூப் கெட்டுப்போச்சு சார்."

"திரும்ப எடுத்துக்கறியா?"

"வேணாம் சார், எண்ணிக்கை போதும்."

"சரிம்மா," என்று சொல்லிப் போனார்.

அவர் இறந்த அன்று வீட்டில் கூட்டம் சற்றுக் குறைந்ததும் சாரின் மனைவி விமலா அக்கா என்னை உள்ளே அழைத்து அலமாரியைத் திறந்து காட்டினார். அடுக்கடுக்காக மாத்திரை அட்டைகள். "அவருக்கும் அந்த வியாதிதான் சுமதி. இருபது வருஷமா மாத்திரை. யார்கிட்டயும் சொன்னதில்ல. போன வருஷம், 'சொல்லாம ரத்தம் குடுத்துட்டு வந்திருக்கேன், நம்ம டெஸ்ட் என்னைக் கண்டுபிடிக்குதான்னு பாக்கலாம்'னாரு. சின்னப் பிள்ளை மாதிரி காத்துட்டிருந்தாரு. கடைசில டியூப் கெட்டுப்போச்சாம்."

ஒருவர் ரத்தம் எதையும் நிரூபிக்காது என்று கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அந்த மாத்திரைகளாலும் முடிவு அப்படி வந்திருக்கலாம். எல்லாம் தெரியும். ஆனாலும் அவர் வாய்விட்டுக் கேட்ட பதில் என் மேசையில்தான் கிடந்தது. என்னை நானே மன்னிக்க முடியவில்லை.

வண்டியில் ஏற்றுமுன் கடைசியாகப் பார்க்கச் சொன்னார்கள். அவர் காதருகே குனிந்தேன். "டியூப் கெட்டுப்போகல சார். உங்களைக் கண்டுபிடிச்சிடுச்சு."

பக்கத்தில் நின்ற அக்காவின் காதிலும் அது விழுந்துவிட்டது. என் கையைப் பிடித்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

"இதையெல்லாம் எழுது," என்றார். "அவருக்கு வியாதி இருந்ததையும் சேர்த்து எழுது. இனிமே யாருக்கு மறைக்கணும்?"

இதோ, எழுதிவிட்டேன் சார். போய் வாருங்கள்.