மண்டெல்லோக்காரிக்கு ஒரு சம்பந்தம்

தில்லையம்பலம் யாழ்ப்பாணத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கலியாணங்களைப் பேசி முடித்தவர். அவற்றில் எத்தனை உருப்பட்டன என்று யாராவது கேட்டால் அவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பேசுவது புறோக்கரின் வேலை, வாழ்வது அவரவர் வேலை என்பது அவருடைய கட்சி. சுதுமலையிலிருந்து சாவகச்சேரி வரைக்கும் எந்த வீட்டில் கலியாணத்துக்குக் காத்திருக்கும் குமர் இருக்கிறது, எந்த வீட்டுப் பெடியனுக்கு அரசாங்க உத்தியோகம் கிடைத்தது, எந்த மாமியாருக்கு வாய் நீளம் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு அந்தத் தொழில் படுத்துவிட்டது. அவர் குறிப்பெடுத்து வைத்திருந்த மாப்பிள்ளைமார் எல்லாரும் ஒருவர்பின் ஒருவராக விமானம் ஏறினார்கள். எண்பத்தைந்தில் அவரும் ஏறினார்.

வந்து இறங்கியது கனடாவில், ரொறன்ரோவின் வோபர்னில், ஒரு பதினோராம் மாடியில், மகள் சந்திரவதனாவின் வீட்டில். மகள் வீடு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், அவரைப் பொறுத்தவரை அது மருமகன் வீடு. மருமகன் ஸ்ரீஸ்கந்தராசா தங்கமான பிள்ளை. "மாமா, இன்னும் கொஞ்சம்" என்று சாப்பாட்டுக் கோப்பையில் கறியை அள்ளி வைப்பான். தொல்லையே அதுதான். பெண் கொடுத்த வீட்டில் ஒரு நேரம் கை நனைக்கவே யோசிக்கிற ஆட்களின் நடுவில் வளர்ந்தவர் அவர். மகளின் புருசன் உழைப்பில் மூன்று நேரமும் குந்தியிருந்து சாப்பிடும் மாமன்மாரைப் பற்றி ஊரில் அவரே எத்தனை நையாண்டி பண்ணியிருக்கிறார்! இப்போது அந்த நையாண்டியெல்லாம் ஒவ்வொரு கவளத்தோடும் தொண்டையில் வந்து நின்றது. ஐம்பத்தொன்பது வயதில் அவருக்கு ஒரு வேலை வேண்டும். என்ன வேலை என்பது இரண்டாம் பட்சம்.

பழைய தொழிலுக்கு ரொறன்ரோவில் வழியில்லை. அந்த நாளில் இங்கே ஓர் அறைக்குள் ஆறு பெடியன்கள் படுத்தெழும்பினார்கள். கலியாணம் என்று வாயெடுத்தால் "முதலிலை அகதிக் கேஸ் முடியட்டும் அண்ணை" என்றார்கள். குமர்களோ தேடிப் பிடிக்க வேண்டிய நிலை. ஆகவே, மோர்னிங்சைட் தாண்டி கிங்ஸ்ரன் ரோட்டில் எலியோ என்ற இத்தாலியரின் மோட்டார் சைக்கிள் கடையில் கூட்டித் துடைக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டதும் பஸ் ஏறினார். அன்றைக்கே தும்புத்தடி கைக்கு வந்தது.

எலியோவுக்கு அறுபது வயதிருக்கும். பிள்ளைகள் இல்லை. மனைவி லூசியா கடையின் பின்னறையில் இருந்துகொண்டு கடையையும் எலியோவையும் நடத்தினாள். எலியோவும் தில்லையம்பலமும் பேசிக்கொண்டது ஆங்கிலம் என்று இருவரும் உறுதியாக நம்பினார்கள். மற்றவர்களுக்கு அதில் சந்தேகம் இருந்தது.

கடை முழுக்க ஜப்பான்காரனின் மோட்டார் சைக்கிள்கள். வசந்தத்தில் வந்து கோடைக்குள் போய்விடும். ஒன்று மட்டும் கண்ணாடிக்குப் பக்கத்தில் அசையாமல் நின்றது. கறுப்பு நிறம், அகன்ற இருக்கை, பெற்றோல் தாங்கியின் கீழே இரண்டு பக்கமும் முழங்கையை நீட்டியது போல இரண்டு சிலிண்டர்கள். தாங்கியின் மேல் சிறகு விரித்த கழுகு. எண்பத்து மூன்றில் இத்தாலியில் பிறந்து, பெட்டிக்குள் கப்பலேறி வந்து, எலியோவின் கையாலேயே பொருத்தப்பட்ட மோட்டோ குட்ஸி. வந்து மூன்று வருடம் கடந்துவிட்டது. வயது போகப் போகச் சம்பந்தம் வராத குமரைக் கண்டால் தில்லையம்பலத்துக்குக் கை சும்மா இராது.

"உந்தப் பெட்டை எந்த ஊர்?" என்று முதல் கிழமையே தும்புத்தடியை நீட்டிக் கேட்டார்.

"மண்டெல்லோ. ஏரிக்கரை. நானும் அந்த ஊர்தான்," என்றார் எலியோ.

"தகப்பன் ஆர்?"

"மூன்று பேர்."

தில்லையம்பலம் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டுக் கதிரையில் இருந்தார். நாற்பது வருட விசாரணையில் இப்படியொரு பதிலை அவர் கேட்டதில்லை.

எலியோ இரண்டு சின்னக் கோப்பைகளில் கசப்புக் கோப்பி ஊற்றிக் கதையைத் தொடங்கினார். முதலாம் உலக யுத்தத்தில் இத்தாலிய விமானப் படையில் மூன்று சிநேகிதர்கள். குட்ஸி என்பவர் கைத்தொழிலில் கெட்டிக்காரர். பரோடி என்பவர் ஜெனோவாவில் கப்பல் வைத்திருந்த பணக்கார வீட்டுப் பிள்ளை. மூன்றாமவர் ரவெல்லி, பந்தயம் ஓடுகிறவர். சண்டை முடிந்ததும் ஒருவர் செய்வது, ஒருவர் முதல் போடுவது, ஒருவர் ஓடி வெல்வது என்று பேச்சு. கம்பெனி தொடங்குமுன்னே ரவெல்லி விமானம் விழுந்து செத்துப்போனார். மற்ற இருவரும் ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தொன்றில் சொன்னபடி தொடங்கினார்கள். செத்தவரின் பங்காகக் கழுகின் சிறகை எடுத்துத் தங்கள் வண்டிகளில் பதித்தார்கள்.

"அப்ப முதல் போட்டவன்ரை பேரை ஏன் வைக்கேல்லை?" இது புறோக்கரின் கேள்வி. ஊரில் காசு போட்டவன் கோயில் மணியில்கூடப் பெயர் வெட்டுவான்.

"முதலில் இருவருடைய முதலெழுத்தும்தான் இருந்தது. ஆனால் அதே இரண்டெழுத்து பரோடியின் முழுப் பெயருக்கும் பொருந்திவந்தது, தன் பெயர் மட்டும் நிற்பதுபோல் ஆகிவிடும் என்று அவரே வேண்டாம் என்றார். அதனால் குட்ஸியின் பெயரே நிலைத்துவிட்டது."

தில்லையம்பலத்துக்குக் கண் கலங்கியே விட்டது. இப்படியொரு குடும்பப் பகுதியில் பெண் எடுக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று சொன்னார்.

அன்று மாலையே ஒரு கொப்பி வாங்கி, சாதகக் குறிப்பு எழுதத் தொடங்கினார். நிறம் என்ற இடத்தில், கறுப்பு என்று எழுத மனம் வராமல், தொழில் பழக்கத்தில் மாநிறம் என்று எழுதினார். தகப்பனின் கூடப்பிறந்தவர் ஒருவர், அதாவது குட்ஸியின் சகோதரர் ஜுசெப்பே, இருபத்தெட்டாம் ஆண்டிலேயே கம்பெனி மோட்டார் சைக்கிளில் நோர்வேயின் வடமுனை வரை போய் வந்தவர். ஆகவே குளிர் இந்தக் குடும்பத்துக்குப் பழக்கம். இளவயதில் பந்தயங்களில் ஏராளம் பரிசு. ஐம்பத்தேழில் பந்தயத்தை விட்டாயிற்று, அதன் பிறகு குடும்பப் பாங்கு. சொந்தக்காரர் சிலர் அமெரிக்காவில் பொலிஸ் வேலை பார்த்தவர்கள். ஆர்ஜென்டினாவில் பிறந்த ஒருவர் எழுபதுகளில் கம்பெனியை வாங்கியதால் இப்போது அவர்தான் வளர்ப்புத் தகப்பன். அதைக் கடைசி வரியில் சின்ன எழுத்தில் எழுதினார்.

இப்படியே ஒரு வருடம் ஓடிற்று. எண்பத்தேழு செப்ரெம்பரில் ஒருநாள் லூசியா பின்னறையிலிருந்து வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நடுக்கடையில் நின்றாள்.

"குளிர் வருகிறது. வியாபாரம் இருக்காது. இந்தக் கடையில் சும்மா நிற்பது இரண்டு. ஒன்று இந்தக் குட்ஸி, மற்றது தில்லே. ஒக்ரோபர் முடிய ஒன்று போக வேண்டும். எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்."

தில்லையம்பலத்துக்குக் கண்முன் மருமகன் கறி அள்ளுவது தெரிந்தது. பதினோராம் மாடியில் ஆறு மாதம், வெளியே பனி, உள்ளே "மாமா, இன்னும் கொஞ்சம்." அன்றிலிருந்து தும்புத்தடியை ஒதுக்கிவிட்டு, கொப்பியும் கையுமாக வாசலில் நின்றார்.

சம்பந்தங்கள் வரத்தான் செய்தன. மார்க்கம் நகரிலிருந்து பல் டொக்டர் ஒருவர் வந்தார், மூன்று தகப்பன்மாரின் கதையைக் கேட்டு உருகிப்போய் ஓட்டிப் பார்க்கக் கேட்டார். எலியோ வண்டித் திறப்பைத் தேடினார், தேடினார், கிடைக்கவேயில்லை. டொக்டர் போன பிறகு திறப்பு எலியோவின் காற்சட்டைப் பையில் கிலுங்கியது. அடுத்து வந்த பெடியனுக்கு விலை திடீரென்று ஏறிற்று. மூன்றாவதாக வந்தவரிடம், பனி வரப்போகிறதே, ஏன் அவசரம், வசந்தத்தில் வாருங்கள் என்று எலியோவே வழியனுப்பி வைத்தார்.

அப்போதுதான் புறோக்கருக்கு மூளையில் உறைத்தது. இப்படிப்பட்ட தகப்பன்மார் எத்தனை பேரை அவர் கண்டிருக்கிறார்! சாதகத்தைப் பெட்டிக்குள் வைத்துவிட்டுத் திறப்பைக் காணவில்லை என்பார்கள். மாப்பிள்ளை வீட்டுக் கிணற்றில் தண்ணீர் உப்பு என்பார்கள். மாப்பிள்ளை கிடைக்காமல் நின்ற குமர் அல்ல இது. கொடுக்க மனமில்லாமல் தகப்பன் நிறுத்தி வைத்திருக்கிற குமர். காலையில் கடை திறந்ததும் எலியோ வேறு எதையும் தொடமாட்டார், தன் கைலேஞ்சியால் அந்தக் கழுகைத்தான் முதலில் துடைப்பார். இத்தனை நாளும் அதைப் பார்த்துக்கொண்டு நின்றதற்குத் தன் தலையில் தானே குட்ட வேண்டும் போலிருந்தது.

ஒக்ரோபர் கடைசிச் சனிக்கிழமை ஹெலன் என்ற பெண் வந்தாள். வயது நாற்பத்தைந்து, கடிதம் கொடுக்கிற வேலை, நல்ல உயரம். மாப்பிள்ளை பெண்ணாக வந்தால் என்ன செய்வது என்று தில்லையம்பலம் ஒரு கணம் தடுமாறி, பிறகு நாடு அப்படி என்று சமாதானமானார். கேட்கக் கேட்க எல்லாமே பொருந்திற்று. கராஜ் சொந்தம். குடி இல்லை. முன்பு வைத்திருந்த மோட்டார் சைக்கிளைப் பதினாறு வருடம் பிரியாமல் வைத்திருந்தவள். இருக்கையில் ஏறி உட்கார்ந்ததும் கால் இரண்டும் அளவெடுத்தது போல நிலத்தில் பதிந்தன.

லூசியா வந்து பின்னால் நின்றாள். ஆகவே திறப்பு தொலையவில்லை, விலையும் ஏறவில்லை. எலியோ இருக்கையின் பின்னால் ஒரு கையை வைத்தபடி நின்றார். தில்லையம்பலம் அந்தக் கையைப் பார்த்தார். பார்த்திருக்கக் கூடாது. குளிர்காலம் முழுவதும் மருமகன் வீட்டில் குந்தியிருந்தாலும் பரவாயில்லை, இந்தச் சம்பந்தத்தைக் குழப்பிவிட வேண்டும் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்தார்.

குழப்புவதற்கு வழி அவருக்குத் தெரியும். குறையைச் சொன்னால் போதும். மாறுகண்ணை நாணம் என்றும் திக்குவாயை அடக்கம் என்றும் சொல்லியே இருநூற்றுப் பன்னிரண்டையும் ஒப்பேற்றியவர், வாழ்நாளில் முதல் தடவையாக, கேளாமலே வாயைத் திறந்தார்.

"பிள்ளை, ஒரு குறை இருக்கு. இவள் வலப்பக்கம் சாய்வாள்."

லூசியா திடுக்கிட்டாள். தில்லையம்பலம் எட்டி, எஞ்சினை ஓடவிட்டு, கைப்பிடியை முறுக்கினார். நின்ற நிலையிலேயே குட்ஸி தன் வழக்கப்படி வலது தோளைக் குலுக்கிச் சாய்ந்து நிமிர்ந்தது. "இது பிறவிக் குணம். இந்தப் பகுதியிலை எல்லாருக்கும் இருக்கு. மாத்தேலாது," என்றார். சுதுமலையில் என்றால் இந்த இடத்தில் மாப்பிள்ளை பகுதி குடையை எடுத்துக்கொண்டு எழும்பியிருக்கும்.

ஹெலன் எழும்பவில்லை. தானும் ஒருதரம் முறுக்கிப் பார்த்தாள். சாய்ந்தது. இன்னொருதரம் முறுக்கினாள். சிரித்துச் சிரித்து அவளுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"கடைக்காரர் ஒருவர் கேட்காமலே குறை சொல்லி நான் பார்த்ததில்லை. இங்கே வாங்காமல் வேறெங்கே வாங்குவது? எடுத்துக்கொள்கிறேன்," என்றாள்.

குறையைச் சொன்னால் சம்பந்தம் முறியும் என்ற யாழ்ப்பாணத்துச் சட்டத்தை ரொறன்ரோவில் நம்பியது புறோக்கரின் பிழை. லூசியா அவரைக் கட்டிப்பிடித்து இரு கன்னத்திலும் முத்தமிட்டாள். இருநூற்றுப் பதின்மூன்றாவது சம்பந்தம் அவருடைய கையை மீறி ஒப்பேறியது.

நாலு மணிக்கு ஹெலன் ஹெல்மெற்றோடு திரும்பி வந்து வண்டியை எடுத்தாள். தில்லையம்பலம் கலியாண வீடுகளில் பந்தியில் சாப்பிட்டதும் நழுவிவிடுகிற ஆள். பெண்ணை அனுப்பிவைக்கிற நேரத்தில் அவர் எப்போதும் அடுத்த ஊர் பஸ்ஸில் இருப்பார். இங்கே நழுவ முடியாது, வேலை ஆறு மணி வரைக்கும். ஆகவே கிங்ஸ்ரன் ரோட்டு நடைபாதையில் எலியோவின் பக்கத்தில் நின்று, குட்ஸி சந்தியில் திரும்பி மறையும் வரை பார்க்க வேண்டியதாயிற்று. அது மறைந்த பிறகும் எலியோ உள்ளே போகவில்லை. தன் கைகளை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல நின்றார்.

"வசந்தத்தில் சர்வீசுக்கு வரும்தானே?" என்றார்.

"வரும். முதல் வருசம் எல்லாரும் வருவினம்."

"பிறகு?"

தில்லையம்பலத்துக்குத் தெரியவில்லை. பிறகு என்ன நடந்தது என்று விசாரிக்க அவர் எந்த வீட்டுக்கும் போனதில்லை.

ஆறு மணிக்குப் பஸ் ஏறினார். அவருடைய வேலை தப்பிவிட்டது. அந்தச் சந்தோசத்தைத் தேடிப் பார்த்தார், கிடைக்கவில்லை. பதினோராம் மாடியில் கதவைத் திறந்த சந்திரவதனா அவர் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள்.

"என்னப்பா, வேலை போயிட்டுதோ?"

"இல்லைப் பிள்ளை, வேலை இருக்கு." அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். "உன்ரை கலியாணத்தண்டு நீ காரிலை ஏறிப் போகேக்கை நான் எங்கை நிண்டனான்?"

அவள் யோசிக்கவே இல்லை. "பின்விறாந்தையிலை. உடுவில் ஆக்களோடை ஏதோ சம்பந்தம் கதைச்சுக்கொண்டு நிண்டியள். கார் ஒழுங்கையாலை திரும்புமட்டும் நான் பின்னுக்குத் திரும்பிப் பாத்துக்கொண்டிருந்தனான்."

தில்லையம்பலம் குளிர்ச்சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

"அதுக்கென்ன அப்பா," என்று அவள் அவருடைய குளிர்ச்சட்டையை வாங்கிக்கொண்டாள். "இப்ப வந்து என்னோடைதானே நிக்கிறியள். சப்பாத்தைக் கழட்டிப்போட்டு வாங்கோ, சோறு ஆறுது."