மணிக்கட்டில் ஒட்டிய பிளாஸ்திரி

சாரல் நாட்களில் குற்றாலம் போனால், எண்ணெய் தேய்க்காமல் நாங்கள் அருவியில் நிற்பதில்லை. போன ஆனியில் பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த என் மகனும் உடம்பெல்லாம் எண்ணெயோடுதான் அருவிக்கு நடந்தான். பாதி வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டான். அவனுக்கு இருபத்தொன்பது வயது.

நான் இதய நோயாளி. நெஞ்சு வலித்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். ஆம்புலன்ஸுக்குப் போன் செய்துவிட்டு, ஒன்றை அவனுக்கு வைத்தேன். இரண்டு நிமிடம்கூடப் பொறுக்கவில்லை, இன்னொன்றையும் வைத்தேன்.

ஆம்புலன்ஸில் வந்த பெண்ணுக்கு என் மகனைவிட வயது குறைவுதான். ஈசிஜி எடுக்க அவள் ஒட்டிய வில்லைகள் வழுக்கி வழுக்கி விழுந்தன. “எண்ணெ வடிய வடிய வந்தா இது எங்கன ஒட்டும்?” என்றபடி என் தோள்துண்டை உருவி அவன் நெஞ்சைத் துடைத்தாள். அந்த வலியிலும் அவன் லேசாகச் சிரித்தான். வயிற்றுப்புண் உண்டா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா என்று கேட்டுவிட்டு ஆஸ்பிரினை மென்று விழுங்கக் கொடுத்தாள். ஏற்கெனவே ஏதாவது கொடுத்தீர்களா என்று கேட்டபோது, இல்லை என்றேன். என் மருந்தை அவனுக்குக் கொடுத்தது தப்பாகிவிடுமோ என்ற பயம்.

ரத்த அழுத்தம் பார்த்தாள்; மிகவும் இறங்கியிருந்தது. என் சட்டைப் பையில் துருத்திக்கொண்டிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தாள்.

“அண்ணாச்சி, பயப்படாம சொல்லுங்க. எத்தன வச்சிய?”

“ரெண்டு. அடுத்தடுத்து.”

திட்டவில்லை. கையில் எடுத்திருந்த அதே மருந்தைப் பெட்டிக்குள் திரும்ப வைத்தாள். அழுத்தம் நன்றாக இருந்தாலே ஐந்து நிமிட இடைவெளியில் மொத்தம் மூன்றுதான், இந்த அழுத்தத்தில் இன்னொன்றுகூடக் கூடாது என்றாள். அவன் கால்களை உயர்த்தி வைத்து, போனில் மருத்துவரைக் கேட்டு, சலைன் ஏற்றினாள்.

தென்காசி சாலையில் சீசன் வண்டிகள் நகரவில்லை. அவன் “அப்பா” என்று முனகினான். அரை மாத்திரையாவது கொடு தாயி என்று அவளைக் கெஞ்சினேன்.

“தர மாட்டேன் அண்ணாச்சி. வலிக்குதேன்னு குடுத்தா பிரஷர் போயிரும். வலியோடயே உங்க பிள்ளைய உசுரோட கொண்டு சேக்கேன்.”

பிறகு என் போனை வாங்கி, ஆம்புலன்ஸை அழைத்த நேரத்தைப் பார்த்துக் கணக்கிட்டு, ஒரு துண்டு பிளாஸ்திரியில் எழுதினாள். அவனுடைய எண்ணெய்க் கையில் அது ஒட்டவில்லை. இன்னும் எண்ணெய் தேய்க்காத என் மணிக்கட்டில் ஒட்டிவிட்டாள்.

மருத்துவமனையில் டாக்டர் என் கையைப் பிடித்து அதைத்தான் முதலில் படித்தார். அன்று மாலையே திருநெல்வேலியில் அடைப்பை எடுத்தார்கள். மகன் இப்போது பெங்களூரில் காலையில் நடக்கப் போகிறான். அவன் போன் எடுக்கத் தாமதமானால் என் கை இன்னும் சட்டைப் பைக்குப் போகிறது. மாத்திரை அட்டையின் பின்னால் அந்தப் பிளாஸ்திரியை ஒட்டி வைத்திருக்கிறேன்: ‘அப்பா கொடுத்தது 2. காலை 10.05, 10.07.’