இரட்டைக் கண்ணாடி ஜன்னலில் மூன்று துளைகள்

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெரிய பங்களாவில் படுக்கை அறை ஜன்னல்களுக்கு மட்டும் இரட்டைக் கண்ணாடி. இலங்கை மலைநாட்டில் ராகலைக்கு மேலே, நண்பகலிலும் மூடுபனி விலகாத மலை அது. தோட்டத்தை முன்பு நிர்வகித்த வெள்ளைக்காரத் துரை குளிர் தாங்காதவர். பழைய ஜன்னல்களைக் கழற்றாமல், அவற்றின் வெளிப்பக்கத்தில் நான்கு விரல் இடைவெளி விட்டு இன்னொரு கண்ணாடிச் சட்டத்தைப் பொருத்தச் சொன்னார். பொருத்தியவர் என் அப்பா.

அப்பா தச்சு வேலை பழகியவர் அல்ல. கவ்வாத்து வெட்டிக்கொண்டிருந்தவர். கவ்வாத்து என்றால் தேயிலைச் செடியின் கிளைகளைக் கத்தியால் மட்டமாக வெட்டிவிடும் வேலை. சரிவில் குனிந்தபடி நாள் முழுக்க வெட்ட வேண்டும். ஒருமுறை கால் சறுக்கிப் பள்ளத்தில் விழுந்ததில் அவருடைய வலது தோள் கெட்டுப்போனது. அதற்குப் பிறகு கை காதுக்கு மேலே எழும்பாது. கை சும்மா இருக்காத மனிதர் என்பதால் அந்தத் துரை அவரைப் பங்களா மரவேலைக்கு எடுத்துக்கொண்டார். அந்த வேலை போனால் மறுபடியும் கவ்வாத்துதான் என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு தெரியாமல் செய்தேன் என்று நான் நழுவ இடமிருக்கக் கூடாது.

இரட்டைக் கண்ணாடி போட்ட முதல் மழைக்கே இரண்டுக்கும் நடுவில் ஆவி படர்ந்து, தண்ணீராக இறங்கி, கீழ்ச்சட்டத்தில் தேங்கியதாம். உள்ளே கை விட்டுத் துடைக்கவும் வழியில்லை. அப்பா இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டு இருந்தார். பிறகு வெளிச்சட்டத்தின் அடிக்கட்டையில் பென்சில் பருமனுக்கு மூன்று துளைகள் போட்டார், வெளிப்பக்கம் சரியும்படி. தண்ணீரும் வடிந்தது, ஆவியும் போயிற்று. ஒவ்வொரு வருடமும் பெருமழைக்கு முன்பு வெளிச்சட்டங்களைக் கழற்றி, கண்ணாடியைக் கழுவி, வெடித்த பட்டியைச் சுரண்டி எடுத்துப் புதுப் பட்டி வைப்பார். பட்டி என்பது கண்ணாடியை மரத்தோடு ஒட்ட வைக்கும் வெள்ளை மாவு, சீமைச்சுண்ணாம்பையும் எண்ணெயையும் சேர்த்துப் பிசைவது. பெயிண்ட் காய்ந்த பின் உடைந்த குடையின் கம்பியால் மூன்று துளைகளையும் குத்திவிட்டு, அப்புறம்தான் மாட்டுவார்.

"தொரை வூட்டு ஜன்னலு ரெண்டு சட்டை போட்டிருக்கு. நம்ம வூட்டு ஜன்னலுக்கு ஒரு கோவணம்" என்பார் அம்மா. எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவின் ஜன்னலில் கோணிச்சாக்குதான் தொங்கியது.

எங்கள் லயம் என்ற தொழிலாளர் குடியிருப்பு வரிசையில் பன்னிரண்டு காம்பிராக்கள். அவற்றில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்தி. நுவரெலியாவில் விடுதியில் தங்கிப் படித்தேன். விடுமுறைக்கு வரும்போது பஸ்ஸில் இருந்து இறங்கி லயம் வரைக்கும் புத்தகங்களைப் பெட்டிக்குள் வைக்காமல் கையிலேயே எடுத்து வருவேன், நாலு பேர் பார்க்கட்டும் என்று.

ஒரு ஏப்ரல் விடுமுறையில்தான் புதுத் துரையின் மனைவி சீமையில் இருந்து வந்து இறங்கியிருந்தார். துரைக்கு ஓரளவு தோட்டத்துத் தமிழ் வரும். ஆனால் பகலில் அவர் மலைக்குப் போய்விடுவார். துரைசாணிக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஜன்னல் வேலை நடக்கும் நாட்களில் பேச்சை மாற்றிச் சொல்ல என்னைக் கூட்டி வரும்படி துரை அப்பாவிடம் சொல்லிவிட்டார். நான் பள்ளிக்கூடத்து வெள்ளை உடுப்பை மடிப்புக் கலையாமல் போட்டுக்கொண்டு போனேன். அப்பா பழைய கம்பளிச் சட்டையும் இடுப்பில் கட்டிய சாக்குமாக எனக்கு முன்னால் நடந்தார். பங்களா வாசலுக்கு வந்ததும் நான் நான்கு அடி பின்தங்கிக்கொண்டேன். அவரோடு வந்தவளாகத் தெரியாமல் துரைசாணியோடு பேச வந்தவளாகத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன்.

வேலை மூன்று நாள் நடந்தது. கடைசி நாள் சட்டங்களை எல்லாம் மாட்டிவிட்டு அப்பா கருவிகளைக் கழுவப் பின்பக்கம் போயிருந்தார். துரைசாணி தோட்டத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த ஓட்டைகள் எதற்கு? இவற்றின் வழியாகக் குளிர் உள்ளே வராதா?" என்று என்னிடம் கேட்டார்.

பின்பக்கம் போய் அப்பாவிடம் கேட்டு வந்திருக்கலாம், இருபது அடி தூரம்தான். ஆனால் அந்தப் பள்ளித் தவணையில்தான் விஞ்ஞானப் பாடத்தில், அடைபட்டு அசையாமல் நிற்கும் காற்று குளிரை உள்ளே விடாது என்று படித்திருந்தேன். துரைசாணி என்னைக் கேட்கிறார், தச்சரைக் கேட்கவில்லை. படித்த பாடத்தை அப்படியே இங்கிலீஷில் ஒப்பித்தேன். காற்று அடைபட்டு நிற்க வேண்டும், இந்தத் துளைகள் இருக்கக் கூடாது, தச்சர் கவனிக்காமல் விட்டிருப்பார், அவரைக் கேட்டுச் சரிசெய்யச் சொல்கிறேன் என்றேன். என் அப்பா என்று சொல்லவில்லை. தச்சர் என்றேன்.

அவர் உள்ளே போனதும் தகரத்தில் மிச்சமிருந்த பட்டியை எடுத்து ஒவ்வொரு துளையிலும் வைத்துப் பெருவிரலால் அழுத்தி மூடினேன். நான்கு ஜன்னல்கள், பன்னிரண்டு துளைகள். அப்போது மெல்லிய தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஈரக் காற்றைத்தான் உள்ளே வைத்து அடைக்கிறேன் என்பதைக்கூட நான் யோசிக்கவில்லை. திரும்பி வந்த அப்பாவிடம் எதையும் சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அது எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த விடுமுறைக்கு வந்தபோது மழை முடியும் தறுவாயில் இருந்தது. வந்த மறுநாளே அப்பாவையும் என்னையும் பங்களாவுக்குக் கூப்பிட்டார்கள். நான்கு ஜன்னல்களும் பால் ஊற்றியது போல் வெளுத்துக் கிடந்தன. உள்ளே தண்ணீர் விரல் உயரத்துக்கு நின்றது. அடிக்கட்டைகள் ஊறி உப்பி, பெயிண்ட் தோலாக உரிந்து, ஒரு கண்ணாடி குறுக்கே விரிசல் விட்டிருந்தது.

அப்பா குந்தி உட்கார்ந்து கீழ்ச்சட்டத்தைத் தடவினார். துளை இருந்த இடத்தில் கை நின்றது. காய்ந்த பட்டியில் ஒரு பெருவிரல் ரேகை அப்படியே பதிந்திருந்தது. அப்பா பட்டியை எப்போதும் கத்தி முனையால்தான் தேய்ப்பார், விரல் வைக்க மாட்டார். அந்த ரேகையும் சின்னது. அவர் நிமிர்ந்து என்னைப் பார்க்கவில்லை. குடைக்கம்பியை எடுத்து ஒரே குத்தாகக் குத்தினார். கறுத்த தண்ணீர் அவர் முழங்கையில் வழிந்தது.

"யார் இதை அடைத்தது?" என்று துரைசாணி கேட்டார்.

நான் அப்பா பக்கம் திரும்பவே இல்லை. "அவர்தான். தப்பாகிவிட்டது என்கிறார்" என்றேன் இங்கிலீஷில். நாக்கு ஒரு இடத்திலும் தடுக்கவில்லை.

"என்னா புள்ள கேக்குறாங்க?" என்றார் அப்பா.

"எப்ப சரியாகும்னு கேக்குறாங்கப்பா."

அப்பாவின் முகம் தெளிந்தது. துரைசாணியைப் பார்த்துச் சிரித்தார். எட்டாத கையை எட்டிய மட்டும் தூக்கி நான்கு விரல்களைக் காட்டினார். "நாலு நாளு! வெயிலு அடிச்சா நாலே நாளு. நானே பண்ணிக் குடுக்குறேன்னு சொல்லு தாயி."

தப்பை ஒப்புக்கொண்டதாக நான் சொன்ன மனிதர், பாழான ஜன்னலுக்கு முன்னால் சிரித்துக்கொண்டு விரல்களைக் காட்டிக்கொண்டு நின்றார். துரைசாணிக்கு எப்படி இருந்திருக்கும்? உதட்டை இறுக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

"ஏன் புள்ள ஒண்ணும் சொல்லாமப் போறாங்க?"

"வேல இருக்காம்."

நான்கு நாளில் ஜன்னல்கள் காய்ந்தன. உடைந்த கண்ணாடியை மட்டும் மாற்ற வேண்டியிருந்தது. இதோடு போயிற்று என்று நினைத்துக்கொண்டேன்.

நான் விடுதிக்குத் திரும்பும் நாள் காலையில் என் டிரங்குப் பெட்டியை ரோட்டுவரை தூக்கி வருவதாக அப்பா சொல்லியிருந்தார். முதலில் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். பெரட்டுக்களம் என்பது காலையில் ஆட்களை நிறுத்தி அன்றைய வேலையைப் பிரித்துக் கொடுக்கும் இடம். நான் களத்தின் ஓரத்தில் பெட்டியோடு நின்றேன். அன்றைக்குத் துரையே வந்திருந்தார்.

"ஏய், கண்ணாடி ஆளு, இங்க வா" என்றார். அப்பா முன்னால் போனார். "ஜன்னல் ஓட்டை எல்லாம் நீ ஏன் அடைச்சது? நீதான் அடைச்சதுன்னு நீயே சொன்னதாம். தொரசாணி என்கிட்ட சொல்லுது."

நான் இங்கிலீஷில் சொன்னது அப்பாவுக்குத் தமிழில் கிடைத்தது அந்த இடத்தில்தான், அத்தனை பேருக்கு முன்னால். அவர் தலையைத் திருப்பி நான் நின்ற பக்கம் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் இன்றைக்கு எனக்குக் கொஞ்சம் லேசாக இருக்கும். பெட்டி கனக்கிறதா என்று பார்ப்பது போலப் பார்த்தார்.

"ஆமாங்க தொரை. நான்தான் அடைச்சேன்" என்றார்.

"அப்போ உனக்கு இந்த வேலை சரி இல்லை. இன்னைக்கே கவ்வாத்துக்குப் போ."

ஆட்களை வேலை வாங்கும் கங்காணி சிரித்தார். "கண்ணாடி தொடச்சுத் தொடச்சு கையெல்லாம் பூவாட்டம் ஆயிருச்சுங்க தொரை. ரெண்டு நாளு கத்தியப் புடிச்சா சரியாப் போயிரும்." சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

துரை எனக்குப் பத்தடி தூரத்தில் நின்றார். அவருடைய பாஷையும் எனக்குத் தெரியும், அப்பாவின் பாஷையும் தெரியும். இரண்டிலும் நான் வாய் திறக்கவில்லை. அப்பா கத்தியை வாங்கிக்கொண்டு ஆட்களோடு மலையேறினார். பெட்டியை நானே இழுத்துக்கொண்டு ரோட்டுக்குப் போனேன். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் என் காலுக்கு இடம் போதுமா என்றுதான் பார்த்தேனே தவிர அழவில்லை. அழுகை விடுதியில் வந்தது. பக்கத்துப் படுக்கைக்காரி காரணம் கேட்டதற்குத் தலைவலி என்றேன்.

டிசம்பரில் வந்ததும் நேரே பங்களாவுக்குப் போய்த் துரைசாணியிடம் உண்மையைச் சொன்னேன். ஒரு தவணை முழுக்க மனதுக்குள் எழுதி எழுதித் திருத்தி வைத்திருந்த இங்கிலீஷ். பிழை ஒன்றும் இல்லை. தச்சர் என் அப்பா என்பதையும் சொன்னேன். அவர் கண் கலங்கி என் கையைப் பிடித்துக்கொண்டார். இவ்வளவு நேர்மையான பெண்ணைப் பார்த்ததில்லை என்றார். ஆனால் பெரட்டில் சொன்ன சொல்லைத் துரை மாற்ற மாட்டார் என்றும், கினிகத்தேனையில் இருந்து ஒரு பாஸ், அதாவது சிங்களத் தச்சர், வேலைக்கு வந்துவிட்டார் என்றும் சொன்னார். போகும்போது படம் போட்ட ஒரு பிஸ்கட் தகரத்தைக் கையில் கொடுத்தார்.

என் பொய்க்கு அப்பாவுக்குக் கத்தி கிடைத்தது. என் உண்மைக்கு எனக்குப் பிஸ்கட் கிடைத்தது. அதை வாங்காமல் வந்திருக்க வேண்டும். வாங்கிக்கொண்டு நன்றி என்றும் சொன்னேன்.

வீட்டுக்கு வந்தால் எங்கள் ஜன்னலில் கோணியைக் காணோம். அப்பா வெளியே நின்று சட்டம் பொருத்திக்கொண்டிருந்தார். பங்களாவில் விரிசல் விட்டதால் ஒதுக்கிப் போட்ட கண்ணாடியை அறுத்து, இரண்டு சின்னத் துண்டுகளாக்கி, உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக. நான் விடுமுறையில் படிப்பது அந்த ஜன்னலடியில்தான். வலது கை எழும்பாமல் இடது கையால் ஆணி அடித்தார். உள்ளங்கையில் கத்திப்பிடி போட்ட காய்ப்பு.

"தகரம் ஏது தாயி?"

"தொரசாணி குடுத்தாங்க."

"எதுக்கு?"

"சும்மாத்தான்."

அம்மா அடுப்படியில் இருந்து என்னை ஒரு பார்வை பார்த்தார். அப்பா கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தின்றார். "நல்லாத்தான் இருக்கு" என்றார். பிறகு அடிக்கட்டையில் இருந்த மூன்று துளைகளைக் காட்டி, குடைக்கம்பியை என் கையில் கொடுத்தார். "மழைக்கு முன்னாடி வருசத்துக்கு ஒருக்காக் குத்தி வுடு. எனக்கு மலையில இருந்து வர நேரமாயிரும். இது ஒம் பொறுப்பு."

அதைக் கொடுக்கும்போது அவர் என் பெருவிரலைப் பார்த்தாரா என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

இப்போது நான் வேறொரு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. பெருமழைக்கு முன்பு ஒரு சனிக்கிழமை வீட்டுக்குப் போய்த் துளைகளைக் குத்திவிட்டு, வெடித்த பட்டியைச் சுரண்டிப் புதிது வைக்கிறேன். கத்தி முனையால்தான் தேய்க்கிறேன். ஜன்னல் தெளிவாகவே இருக்கிறது. சாயங்காலம் அதன் வழியாகப் பார்த்தால் அப்பா கத்தியை இடது தோளில் சாய்த்துக்கொண்டு இறங்கி வருவது தெரியும். ஒவ்வொரு முறையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று எழுந்திருக்கிறேன். அவர் உள்ளே வந்ததும் தண்ணீர் சுட வைக்கவா என்று கேட்டுவிடுகிறேன்.

அப்பாவுக்கு வாசிக்கத் தெரியாது. இதை அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டியவள் நான்தான். தமிழில்தான் எழுதியிருக்கிறேன், இடையில் மாற்றிச் சொல்ல முடியாதபடி. வருகிற சனிக்கிழமை எடுத்துக்கொண்டு போகிறேன்.