திரும்பிப் பார்த்து ஆடிய அலிக்

கிளாஸ்கோவின் பெரிய கால்பந்துக் கழகம் ஒன்று அலிக் டத்தியை ஊருக்குத் திருப்பி அனுப்பியபோது அவனுக்கு வயது பத்தொன்பது. மூன்று வருடம் அங்கே மூத்த ஆட்டக்காரர்களின் பூட்ஸைத் துடைத்து, விடியற்காலைச் சேற்றில் ஓடி, தடுப்பாட்டத்தை அட்சரம் அட்சரமாகக் கற்றிருந்தான். ஒரு மே மாதக் காலையில் பயிற்சியாளர் அவனை அறைக்குக் கூப்பிட்டார்.

"உயரம் இருக்கு. தலையால நல்லா முட்டுற. பயம்னா என்னன்னு தெரியாது உனக்கு. எல்லாம் சரி. ஆனா நான் தொண்டை கிழியக் கத்துறேன், நீ திரும்பிக்கூடப் பாக்க மாட்டேங்குற. திமிரு பிடிச்சவனை வெச்சுக்கிட்டு நான் என்னப்பா பண்ண?"

திமிர் இல்லை. பதினோரு வயதில் வந்த பொன்னுக்கு வீங்கி, போகும்போது அவனுடைய இடக்காதையும் கூடவே கொண்டுபோயிருந்தது. அம்மாவுக்கு மட்டும்தான் அது தெரியும். சொல்லிவிடலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. செவிடனை எந்தக் கழகம் வைத்துக்கொள்ளும்? வார்த்தையை விழுங்கிக்கொண்டு, "சரி பாஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு ரயில் ஏறினான்.

அவன் சொந்த ஊரான போர்ட்காரியில் அப்போது இரண்டே வேலைகள். ஒன்று கடலில் மீன் பிடிப்பது, மற்றது பிடித்த மீனைப் புகையில் வாட்டுவது. அலிக்குக்கு மூன்றாவதாக ஒன்று கிடைத்தது, தபால்காரன் ஆனான். வலப்பக்கம் குரைக்கிற நாய்களிடம் தப்பித்தான். இடப்பக்கம் வருகிற நாய்கள் முதல் மாதத்திலேயே கெண்டைக்காலில் மூன்று இடத்தில் பல் பதித்துவிட்டன.

ஊர் அணியான போர்ட்காரி டவுன் கடைசிப் பிரிவில், அதிலும் கடைசிக்குக் கொஞ்சம் மேலே, பல வருடமாகக் குடியிருந்தது. அதன் மேலாளர் ஹெக்டர் மெல்ட்ரம் பகலில் கறிக்கடைக்காரர். கடிதம் கொடுக்க வந்தவனைக் கல்லாவுக்குப் பின்னாலிருந்து ஏற இறங்கப் பார்த்தார்.

"கிளாஸ்கோகாரன் துரத்திட்டானாமே?"

"ஆமா."

"எதுக்காம்?"

"சொன்ன பேச்சு கேக்கலையாம்."

"எங்க டீம்ல ஒரு பய கேக்கறதில்ல. செவ்வாக்கிழமை சாயங்காலம் பூட்ஸோட வந்துரு."

ஆறாவது ஆட்டத்தில் விபரீதம் நடந்தது. வெளியூர் மைதானம். எதிரணிக்காரன் உயரமாகத் தூக்கி அடித்த பந்து காற்றில் தள்ளாடிக்கொண்டு வந்தது. கோல்கீப்பர் மாக்னஸ் லீஸ்க், "என் பந்து!" என்று அலறிக்கொண்டே பாய்ந்தான். இடப்பக்கப் பின்னாலிருந்து வந்த அந்த அலறல் அலிக்கின் மூளைக்குப் போய்ச் சேரவேயில்லை. அவனும் எம்பினான். அவன் பின்மண்டை மாக்னஸின் மூக்கில் இடித்தது. இரண்டு பேரும் சேற்றில் உருள, பந்து அவசரமே இல்லாமல் கோலுக்குள் உருண்டு போனது. ஒன்றுக்குப் பூஜ்யம் என்று தோற்றார்கள்.

திரும்பும் பேருந்தில், மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு மாக்னஸ் வந்து அலிக்கின் இடப்பக்கம் உட்கார்ந்தான். ஷெட்லாந்துத் தீவுக்காரன், மீன் லாரி ஓட்டுகிறவன், வாயைத் திறந்தால் வசவு அருவியாகக் கொட்டும். பத்து நிமிடம் திட்டினான். அலிக் அமைதியாக ஜன்னல் வழியே ஆடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மாக்னஸுக்கு முதலில் கோபம் ஏறியது. பிறகு சந்தேகம் வந்தது. குரலைத் தணித்து, "உன் பூட்ஸுக்குள்ள நண்டு விட்டிருக்கேன்" என்றான். அசைவில்லை. எழுந்து போய் முன் இருக்கையில் வலப்பக்கமாக மண்டியிட்டு, அதே வார்த்தையை அதே குரலில் சொன்னான். அலிக் துள்ளிக் காலைத் தூக்கினான்.

"எத்தனை நாளாடா?" என்றான் மாக்னஸ்.

அலிக்கின் முகம் வெளுத்துவிட்டது. "பதினோரு வயசுலேர்ந்து. பாஸ் கிட்ட சொல்லிராத மாக்னஸ், உனக்குப் புண்ணியமாப் போகும்."

"பாஸ் கிடக்கட்டும். என் மூக்கு உடையறதுக்கு முன்னாடி எனக்காவது சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா, பாவி!"

மறுநாள் ஞாயிறு. ஆளில்லாத மைதானத்தில் இரண்டு பேரும் நின்றார்கள். காற்று கொடி மரத்தை வளைத்துக்கொண்டிருந்தது.

"காது போச்சு, சரி. கண்ணு ரெண்டும் இருக்கில்ல? மனசுக்குள்ள மூணு எண்ணு, தலையைத் திருப்பிப் பின்னாடி பாரு. மறுபடி மூணு. பந்து எங்க இருந்தா என்ன, நீ பாரு. நான் முஷ்டியைத் தூக்கினா பந்து எனக்கு. கையை விரிச்சா உனக்கு. வாயே திறக்க மாட்டேன்."

"நீயா? வாயே திறக்க மாட்டியா?"

"மூக்கு ஆறுற வரைக்கும்."

அந்தக் குளிர்காலம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைகள் அப்படியே கழிந்தன. கழுத்து வலியில் அலிக் தலையணை இல்லாமல் தூங்கினான். நடுவில் நிற்கும் இரண்டு தடுப்பாட்டக்காரர்களில் அவன் இடப்பக்கம் நின்றால் கூட்டாளியின் குரல் நல்ல காதில் விழும் என்று கண்டுபிடித்ததும் மாக்னஸ்தான். மெல்ட்ரமிடம் போய் ஏதோ சொல்லி இடத்தை மாற்றிக் கொடுத்தான். ஆனால் இடப்பக்கம் ஆட இடக்கால் வேண்டும், அலிக் வலக்கால்காரன். தினமும் தபால் வேலை முடிந்ததும் துறைமுகச் சுவரில் பந்தை இடக்காலால் உதைத்து உதைத்து, கடற்காக்கைகளுக்கே அலுத்துப்போகும்வரை பழகினான்.

இரண்டு வருடத்தில் அந்தப் பிரிவிலேயே மிகக் குறைவாகக் கோல் வாங்கும் அணி போர்ட்காரிதான் என்று ஆயிற்று. காதை நம்புகிற தடுப்பாட்டக்காரன் யாராவது கத்தும்வரை பின்னால் வருபவனை அறியமாட்டான். அலிக் யாருடைய கத்தலுக்கும் காத்திருக்கவில்லை. எதிரணி ஃபார்வர்டு பதுங்கி நகரத் தொடங்குமுன்பே அலிக்கின் கண் அவன்மேல் விழுந்திருக்கும். "பேய் மாதிரி திரும்பித் திரும்பிப் பாக்குறான்யா" என்று வெளியூர்க்காரர்கள் புலம்பினார்கள். உள்ளூர்க்காரர்களுக்கோ அது ஒரு வேடிக்கை. "என்ன அலிக், நாய் தொரத்துதா?" என்று யாராவது கத்துவார்கள், மைதானமே சிரிக்கும்.

அந்தக் கூட்டத்தில் மிகப் பெரிய குரல் நெட்டா ரிச்சியுடையது. மீனைப் புகையில் வாட்டும் கூடத்தில் முப்பது பெண்களுக்கு மேஸ்திரி. ஒவ்வொரு சனிக்கிழமையும் அந்தப் பெண்களோடு மேற்குக் கைப்பிடிச் சுவரை ஒட்டி நின்று, அலிக்கைப் புகழ்ந்தும் திட்டியும் தொண்டையைத் தீட்டுவாள். அவள் மகள் ரோனாவை அலிக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு திட்டு இரட்டிப்பானது. ரோனாவுக்குக் காது விஷயம் தெரியும். தாயிடம் சொல்லவில்லை.

தொண்ணூற்று நாலாம் வருடம் எடின்பரோவிலிருந்து மேல் பிரிவுக் கழகம் ஒன்று அலிக்கைக் கேட்டு வந்தது. எல்லாம் பேசி முடிந்து, மருத்துவப் பரிசோதனை மட்டும் பாக்கி. மருத்துவர் இடக்காதில் கருவியை வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். இந்த முறை அலிக் மறைக்கவில்லை. "அது கேக்காது சார். கேக்காமலேதான் ஏழு வருஷமா ஆடுறேன்" என்றான். அவர்கள் மரியாதையாகக் கைகுலுக்கி, மரியாதையாக வேண்டாம் என்றார்கள். வியாழக்கிழமை அது பத்திரிகையில் வந்துவிட்டது.

அலிக் சமையலறையில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். டீ ஆறிப்போய்க் கிடந்தது. கதவைத் தட்டாமலே மெல்ட்ரம் உள்ளே வந்து, கேப்டனின் கைப்பட்டையை மேசைமேல் வைத்தார்.

"சனிக்கிழமை இதைக் கட்டிக்கிட்டு வா."

"பாஸ், பேப்பர்ல போட்டிருக்கான்..."

"படிச்சேன். எனக்கு ரெண்டு காதும் நல்லாத்தான் கேக்குது. அதை வெச்சு நான் எந்த மேட்ச்சை ஜெயிச்சேன்?"

சனிக்கிழமை அலிக் கைப்பட்டையைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் நடந்தான். வெளியூர்க்காரர்கள் காதுக்கருகே கையைக் குவித்துக் கேலி செய்தார்கள். வழக்கமான இடத்தில் நெட்டா இல்லை. மேற்குச் சுவர் காலியாகக் கிடந்தது. அவமானத்தில் வராமல் இருந்துவிட்டாளோ என்று அவன் நினைத்த அதே நொடியில் கிழக்குப் பக்கத்திலிருந்து இடி இடித்தது.

"அடேய் மருமவனே! ஏழு வருஷமாவாடா செவிட்டுக் காதுல கத்திக்கிட்டு இருந்தோம்? இப்பக் கேக்குதா?"

முப்பது பெண்களும் அவன் வலக்காதுக்கு நேராக வரிசைகட்டி நின்றிருந்தார்கள்.

"நல்லாக் கேக்குது அத்தை!" என்று கத்தினான் அலிக்.

"அப்ப ஒழுங்கா ஆடு!"

பாதி ஆட்டத்தில் அணிகள் பக்கம் மாறியதும், கறிப் பேஸ்ட்ரியும் தேநீரும் கையில் ஏந்தி, மொத்தப் பெண்களும் கோல் கம்பத்தைச் சுற்றி ஊர்வலமாக நடந்து மேற்குச் சுவருக்குப் போனார்கள். வெளியூர்க் கூட்டம் கேலியை மறந்து வாயைப் பிளந்தது. அன்றிலிருந்து எந்த ஆட்டத்திலும் அந்த ஊர்வலம் தவறியதில்லை. மழை பெய்தால் குடையோடு நடந்தார்கள்.

தொண்ணூற்று எட்டில் கோப்பைப் போட்டியின் சீட்டுக் குலுக்கலில், அலிக்கைத் திருப்பி அனுப்பிய அதே கிளாஸ்கோ கழகம் அவர்களுக்கு வந்து வாய்த்தது. அவர்கள் மைதானம், நாற்பதாயிரம் பேர். போர்ட்காரியில் எண்ணூறு பேர் வந்தாலே பெரிய கூட்டம். சின்ன ஊர் அணிகளை அங்கே முதலில் தோற்கடிப்பது சத்தம்தான். பக்கத்தில் நிற்பவன் சொல்வது காதில் விழாது. தடுப்பு வரிசை அறுந்துபோகும். பத்து நிமிடத்தில் இரண்டு கோல் விழும்.

"அங்க எவனுக்கும் எதுவும் கேக்கப் போறதில்ல" என்றான் அலிக் உடைமாற்றும் அறையில். "அதனால மூணு வாரத்துக்கு எல்லாரும் என்னை மாதிரிதான்."

முஷ்டி, விரிந்த கை, மூன்று எண்ணித் திரும்புதல். நான்கு தடுப்பாட்டக்காரர்களும் மாக்னஸும் மூன்று வாரம் வாயைத் திறக்காமல் பழகினார்கள். மற்றவர்களைவிட மாக்னஸுக்குத்தான் அது பெரிய தவம்.

ஆட்டம் தொடங்கியது. சத்தம் மலைபோல மேலே வந்து விழுந்தது. போர்ட்காரியின் வரிசை அசையவில்லை. நான்கு தலைகள் மாறி மாறித் திரும்பின. கைகள் எழுந்தன, விரிந்தன. பாதி ஆட்டத்தில் கோல் இல்லை. ஒரு மணி நேரம் ஆயிற்று, அப்போதும் இல்லை. நாற்பதாயிரம் பேரின் கூச்சலில் மெல்ல மெல்ல எரிச்சல் ஏறியது.

எண்பத்தோராவது நிமிடம். அவர்களுடைய நட்சத்திர ஃபார்வர்டு அலிக்கின் இடப்பக்க முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நழுவினான். பந்து அவனை நோக்கிப் புறப்பட்டது. அலிக் இரண்டு நொடிக்கு முன்பே அவனைப் பார்த்துவிட்டிருந்தான். ஓரடி பின்வாங்கி, குறுக்கே கால் நீட்டிப் பந்தைக் கொத்தி எடுத்தான். நிமிர்ந்து பார்த்தான். வலது ஓரத்தில் இளம் ஆட்டக்காரன் கில்லிஸ் தனியாக ஓடிக்கொண்டிருந்தான். துறைமுகச் சுவர் தேய உதைத்த அந்த இடக்காலால் ஐம்பது கெஜம் தூக்கி அடித்தான். கில்லிஸ் அதை மார்பில் வாங்கி உதைக்க, பந்து கம்பத்தில் பட்டு, கோல்கீப்பரின் முதுகில் பட்டு, உள்ளே விழுந்தது.

மிச்ச ஒன்பது நிமிடமும் முற்றுகைதான். அலிக் நெஞ்சால் தடுத்தான், தொடையால் தடுத்தான், ஒருமுறை முகத்தாலேயே தடுத்தான். ஆட்டம் முடிந்தபோது அந்தப் பெரிய மைதானத்தில் ஒரு மூலைதான் கத்தியது. போர்ட்காரியிலிருந்து வந்த இரண்டாயிரம் பேர். மாக்னஸ் ஓடி வந்து அவன் வலக்காதைப் பிடித்து இழுத்து, மூன்று வாரமாக அடக்கி வைத்திருந்த வசவு முழுவதையும் அன்போடு கொட்டினான். இரண்டு பேரும் அழுதார்கள். நெட்டாவுக்குக் குரல் அடியோடு போய்விட்டது. மூன்று நாள் புகைக்கூடத்தில் சைகையால்தான் அதிகாரம் செய்தாள்.

திங்கட்கிழமை தபால் கொடுத்து முடிக்க மாலை ஆகிவிட்டது. எந்த வீட்டிலும் டீ குடிக்காமல் விடவில்லை. அடுத்த சுற்றில் நாலு கோல் வாங்கித் தோற்றார்கள். அதைப் பற்றி போர்ட்காரியில் யாரும் பேசுவதில்லை.

இன்னும் ஒன்று நடக்க வேண்டியிருந்தது. இரண்டாயிரத்து மூன்றில், அலிக்குக்கு முப்பத்தைந்து வயதாகி முழங்கால் முனகத் தொடங்கியிருந்தபோது, அணி பிரிவுப் பட்டியலின் உச்சிக்கு வந்தது. சொந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். வென்றால் மேல் பிரிவு. ஊர் அணி பிறந்த தொண்ணூறு வருடத்தில் போகாத இடம். இரண்டுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருந்தார்கள். கடைசி நிமிடங்களில் எதிரணி பந்து பந்தாக உள்ளே தூக்கிப் போட்டது. அலிக் ஒன்றை முட்டி வெளியேற்றினான். திரும்பி வந்ததை உதைத்துக் கூரைக்கு மேலே, நேராகக் கடலுக்கே அனுப்பினான். மூன்று எண்ணினான். அடுத்த ஆபத்து எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தான்.

ஊரே ஓடி வந்துகொண்டிருந்தது. அவன் பந்தை உதைத்த நொடியிலேயே நடுவர் விசில் ஊதிவிட்டிருந்தார்; கூட்டத்தின் இரைச்சலில் அது அவன் நல்ல காதுக்கும் எட்டவில்லை.

"என்ன ஆச்சு? எவ்வளவு நேரம் பாக்கி?" என்று பதறினான்.

ரோனா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து அவன் வலப்பக்கம் நின்று, முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். "ஒண்ணும் பாக்கியில்ல. முடிஞ்சுது அலிக். ஜெயிச்சாச்சு."

தோளில் தூக்கிவிட்டார்கள். கீழே, கறிக்கடை மேலங்கியோடே ஓடி வந்திருந்த மெல்ட்ரம், கண்ணைத் துடைத்துக்கொண்டே அண்ணாந்து கேட்டார்: "அடுத்த வருஷம் மேல் பிரிவுடா. முழங்கால் தாங்குமா?"

"தாங்கும் பாஸ்!"

தாங்கியது. இன்னும் இரண்டு வருடம், அறுபத்தொரு ஆட்டம், கேப்டன் பட்டையோடு மேல் பிரிவில் ஆடினான் அலிக் டத்தி.