தராசுக்கு மேலே குரங்கணி

எழுபதுகளின் கடைசியில் போட்டோ கழுவ எனக்கு வாய்த்த இருட்டறை எங்கள் வீட்டு ஏலக்காய் ரூம்தான். வெளிச்சம் பட்டால் காயின் பச்சை வெளிறிவிடும் என்று சன்னலே இல்லாமல் கட்டியது. ஈரமும் ஆகாது. "உள்ள சொட்டுத் தண்ணி போகக் கூடாது" என்பது அப்பாவின் சட்டம். மருந்துத் தட்டுகளையே திருட்டுத்தனமாகத்தான் கொண்டுபோவேன். தண்ணீர் வாளிக்கு வழியே இல்லை. போடியில் ஏலக்காய்க் கடை வைத்திருந்த அவருக்கு நான் ஒரே மகன். ஆகவே நானும் கடைச் சாமான்தான்.

மதுரையில் ஒரு ஸ்டுடியோக்காரர், "மை ஒத்துன படம் ஒண்ணு நல்லாப் போட்டுக் கொண்டாங்க, வேலைக்கு எடுத்துக்கிறேன்" என்று சொல்லியிருந்தார். பழங்காலத்து முறை அது. சாதாரணப் புகைப்படத்தை மயில்துத்தக் கரைசலில் வெளுக்கவிட்டு, தண்ணீரில் ஊறவைத்து, அச்சக மையைப் பிரஷ்ஷால் ஒத்தவேண்டும். நிழல் இருந்த இடம் மையைப் பிடிக்கும். வெளிச்சம் இருந்த இடம் ஊறி உப்பி, மையைத் தள்ளிவிடும். எனக்கோ எல்லா இடமும் பிடித்தது. எங்கள் ஏலத்தோட்டம் இருந்த குரங்கணி மலையும் வானமும் ஒரே கரி. மையை மாற்றினேன், பிரஷ்ஷை மாற்றினேன், தோட்டத்துக்கு அடிக்கிற மயில்துத்தம் மட்டம் என்று விற்றவரைத் திட்டினேன். கடைசித் தாள் மட்டும் மிஞ்சியது.

என் மனைவி கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"இந்த வேக்காட்டுல தாளு காஞ்சுல்ல போகுது? காஞ்சா எல்லா இடமும்தான் மையை இழுக்கும். மை ஒத்த இருட்டு எதுக்கு? தண்ணித் தொட்டிகிட்ட வாங்க."

இருட்டு வேண்டாம்தான். அப்பா கண்ணில் படாமலிருக்கத்தான் உள்ளே கிடந்தேன். வருவது வரட்டும் என்று முற்றத்துக்கு வந்து, தாளை மறுபடி மறுபடி நனைத்து ஒத்தினேன். மலை கறுத்தது, வானம் வெள்ளையாகவே நின்றது. கத்தவேண்டும் போலிருந்தது எனக்கு.

நிமிர்ந்தால் அப்பா. குனிந்து படத்தைப் பார்த்தார்.

"நீயா போட்ட? நம்ம தோட்டத்து மலைல்ல இது!"

அவர் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன். மை காய்ந்ததும் படத்தை அவரே சட்டம் போட எடுத்துப் போனார். அது கடையில் தராசுக்கு மேலே தொங்கியது. வருகிறவர்களிடமெல்லாம் "மகன் போட்டது" என்றார். மூட்டைகளை வேறிடத்துக்கு மாற்றி, ரூம் சாவியை என்னிடம் நீட்டினார்.

"இனி இது உன் ரூமு அப்பு. தண்ணி எம்புட்டு வேணும்னாலும் கொண்டுபோ."

புதிதாகத் தாள் வாங்கி, இன்னொரு படம் போட்டு மதுரைக்குக் கொண்டுபோயிருக்கலாம்தான். அவர் திட்டியிருந்தால் அன்றைக்கே பஸ் ஏறியிருப்பேன். சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அந்த மலைக்குக் கீழே உட்கார்ந்து காய் நிறுத்தேன்.