காலியாக விடக்கூடாத கட்டம்

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் முடித்தவள் நான். பட்டமும் வாங்கி, கம்ப்யூட்டர் வகுப்புக்கும் போய், விருத்தாசலத்தில் அம்மா வேலை செய்த பீங்கான் கம்பெனியிலேயே ஆபீஸில் சேர்ந்தேன். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து இருவரும் ஒரே பஸ்ஸில் வருவோம். அம்மா கொட்டகைக்குப் போவாள், நான் ஃபேன் ஓடும் அறைக்கு.

மின்கம்பத்தில் மாட்டும் பீங்கானுக்கு அப்போது ஆர்டர் பெருகிக்கொண்டிருந்தது. எது அச்சில் இருக்கிறது, எது காய்கிறது, எது சூளைக்குள் போய்விட்டது என்பதெல்லாம் முதலாளியின் தலைக்குள் இருந்தது. அது போதவில்லை. நான் எக்ஸெல்லில் ஒரு ஷீட் போட்டேன். சில மாதங்களில் அதைத் திறந்து பார்க்காமல் யாரும் சூளையைப் பற்றவைப்பதில்லை என்றானது.

காய்ந்த சரக்கைப் பலகையில் அடுக்கிச் சூளைக்குச் சுமப்பது பெண்களின் வேலை. சுடாத மண், கொஞ்சம் இடித்தாலே உடையும். உடைந்ததைத் தண்ணீரில் ஊறப்போட்டுத் திரும்பக் கரைத்துக்கொள்வார்கள். யார் உடைத்தது என்று அதுவரை யாரும் கேட்டதில்லை. என் ஷீட் கேட்டது. உடைந்த எண்ணிக்கைக்குப் பக்கத்தில் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால் அந்த வரி முழுவதும் சிவப்பாகிவிடும். அப்படி வைக்கத் தெரிந்ததில் எனக்குப் பெரிய பெருமை.

சாயங்காலம் நோட்டை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனால் பெரும்பாலும் ஒருத்தியும் பெயர் சொல்ல மாட்டாள்.

"யக்கா, ஒம் பொண்ணு பொட்டியில நாங்க எத்தினி தபா தும்முனோம்னும் ஏத்துவாளா?" என்று அம்மாவோடு சுமப்பவள் ஒருத்தி கேட்டாள்.

"ஏத்துவா. நீ பலகைய வெச்சிட்டுக் கத பேசுறதுக்குத் தனியா ஒரு கட்டமே வெச்சிருக்குறா" என்றாள் அம்மா.

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா என் பக்கம் வந்து குரலைத் தாழ்த்தினாள். "யாரு பேரா இருந்தா என்ன பாப்பா? எம்பேர போட்டுக்க. பஸ்ஸுக்கு நேரமாவுதுல்ல."

போட்டேன். மறுநாளும் போட்டேன். பிறகு கேட்பதையே விட்டுவிட்டு, எல்லாவற்றுக்கும் அம்மா பெயரையே போட்டேன். எண்ணிக்கை சரியாக இருக்கிறது, சிவப்பும் இல்லை. பெயர்தானே என்று நினைத்தேன். பள்ளிக்கூட நோட்டுகளுக்கு அட்டை போட்டுக் கொடுத்த மாதிரி, இதிலும் எனக்கு ஒரு கை கொடுத்ததாக அம்மா நினைத்திருப்பாள்.

அடுத்த வருஷம் இரண்டாவது சூளை கட்டினார்கள். தள்ளுவண்டிகள் வந்தன. சுமப்பவர்களில் ஒருவரை நிறுத்த வேண்டியிருந்தது. முதலாளி என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"யாரு எவ்வளவு ஒடைச்சாங்கன்னு பெருசுலேருந்து அடுக்கும்மா."

ஒரு பொத்தானைத் தட்டினேன், அவ்வளவுதான். அம்மாவின் பெயர் மேலே வந்து நின்றது. அடுத்த பெயருக்கு நேரே இருந்த எண் அதில் கால்வாசிகூட இல்லை.

முதலாளி திரையில் அந்தப் பெயரை விரலால் தொட்டார். "சொந்த அம்மா பேரக்கூட மறைக்காம போட்டிருக்கியேம்மா. இதான் படிச்ச புள்ளைங்கிறது. இனிமே ரெண்டு சூளையும் ஒம் பொறுப்பு."

அந்தப் பெயர்கள் உண்மையில்லை என்று சொல்ல ஒரே ஒரு வாக்கியம் போதும். சொன்னால் ஷீட் பொய், அதைப் போட்ட நானும் பொய். வார்த்தை தொண்டை வரை வந்தது என்று சொல்லிக்கொள்ளக்கூட எனக்கு வழியில்லை. அந்தப் பாராட்டு எனக்குப் பிடித்திருந்தது. "சரிங்க சார்" என்றேன்.

வேலை முடிகிற நேரத்தில், நாளையிலிருந்து வரவேண்டாம் என்று கொட்டகை மேஸ்திரி அம்மாவிடம் சொல்லிவிட்டார். பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். பாதி வழியில் அம்மா டிக்கெட்டை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

"நான்தான் நெறய ஒடைச்சேனாம்" என்றாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "பேர மாத்திப் போட்டதுக்கு ஒன்ன ஒண்ணும் சொல்லலியே? நான் வாயே தொறக்கல பாப்பா. சொன்னா ஒன்ன வைவாங்க."

"இல்லம்மா" என்றேன்.

"அப்ப சரி."

மறுநாள் தனியாகப் பஸ் ஏறினேன். இன்றைக்கு முதலாளியிடம் சொல்லிவிடுவேன் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டே போனேன். அவர் எனக்கு முன்னாலேயே வந்திருந்தார். புதுச் சூளைக்கும் அதே மாதிரி ஒரு ஷீட் வேண்டும் என்றார். உட்கார்ந்து போட ஆரம்பித்தேன்.